சாதுவன் கண்ட தீவும் நாம் கண்ட தீவும்

2025-ஆம் ஆண்டுப் பொங்கல் விடுமுறையில் நம்மிடம் முன்பு இளங்கலைத் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் வீடு தேடி வந்தார். படித்தது தமிழ், பார்ப்பது ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை. தோளில் ஒரு பெரிய பையை மாட்டிக்கொண்டு, தங்குமிடம் எதையும் முன்கூட்டி ஏற்பாடு செய்யாமல், பன்னிரண்டு நாள் அந்தமான் தீவுகளில் சுற்றித் திரும்பியிருந்தார். கையில் நாற்பது பக்கத் தட்டச்சுப் பிரதி. ‘ஐயா, படித்துப் பார்த்து ஒரு முன்னுரை தர வேண்டும்’ என்றார்.

முன்னுரை எழுதுவது நமக்குப் பழகிப்போன வேலை. நூலைப் பாதி படித்து, ஆசிரியரின் ஊரையும் பண்பையும் பாராட்டி, தமிழுலகம் வரவேற்கும் என்று முடித்துவிடலாம். இந்தப் பிரதிக்கு அப்படிச் செய்ய மனம் வரவில்லை. பிரதி மோசம் என்பதனால் அன்று. அது நன்றாகவே இருந்தது. இரவில் துடுப்புப் பட்ட இடமெல்லாம் கடல்நீர் ஒளிர்ந்ததை அவர் எழுதியிருந்த பக்கத்தை இரண்டு முறை படித்தோம். நன்றாக எழுதத் தெரிந்த ஒருவர் எதை எழுதாமல் விட்டிருக்கிறார் என்பதுதான் நம்மை உறுத்தியது.

ஆசிரியத் தொழிலின் கெட்ட பழக்கம், பென்சிலை எடுத்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தோம். ‘சொர்க்கம்’ என்ற சொல் பதினொரு இடத்தில் வந்திருந்தது. ‘மனிதக் காலடி படாத’ என்ற தொடர் நான்கு இடத்தில். தீவில் வாழும் மனிதர் ஒருவரின் பெயர்கூட எந்த இடத்திலும் இல்லை. ஒரு படகுக்காரர் வருகிறார். அவருக்கு எவ்வளவு கொடுத்தார் என்ற கணக்கு இருக்கிறது. ஒரு தேநீர்க் கடை வருகிறது. தேநீர் சுமார் என்ற தீர்ப்பு இருக்கிறது. படகுக்காரர் எந்த மொழி பேசினார், அவருடைய வீடு எங்கே, மழைக்காலத்தில் அவர் என்ன செய்வார் என்ற செய்திகளுக்கு இடமில்லை. மணலுக்கு மூன்று பக்கம்.

இந்தக் குறை அவர் ஒருவருடையது அன்று. கடந்த கால் நூற்றாண்டில் தமிழில் பயணக் குறிப்புகள் பெருகியிருக்கின்றன. பாலித்தீவு, மாலத்தீவு, தாய்லாந்தின் தீவுகள், அந்தமான், இலட்சத்தீவு என்று நம்மவர்கள் போகிறார்கள், எழுதுகிறார்கள். போவது நல்லது, எழுதுவது அதனினும் நல்லது. ஆனால் தீவு என்று வந்தவுடன் எல்லோருடைய கையெழுத்தும் ஒன்றாகிவிடுகிறது. மதுரையைப் பற்றி எழுதும்போது பேருந்து நிலையத்துக் கடைக்காரரின் குரலைப் பதிவு செய்பவர்கூடத் தீவுக்குச் சென்றதும் ஊமையாகி நீரின் நிறத்தை மட்டும் எழுதுகிறார். காந்தியடிகளைப் பற்றிய ஆவணப்படத்துக்காகக் கண்டம் விட்டுக் கண்டம் அலைந்து 1940-இல் அதை வெளியிட்ட ஏ.கே. செட்டியார்தான் ‘உலகம் சுற்றும் தமிழன்’ எழுதியவர். வர்ணனை அவரிடம் மிகக் குறைவு. சின்னச் சின்ன வாக்கியங்கள்; பெரும்பாலும் மனிதர்கள். அந்த மரபு எங்கே அறுந்தது என்று நமக்குத் தெளிவாகவில்லை. கேமரா மலிவானதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஒரு நண்பர் சொல்கிறார். முழுதும் ஒப்ப முடியவில்லை.

வகுப்பில் திணை இலக்கணம் நடத்துகிறோம். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தின் தெய்வம், உணவு, விலங்கு, பறவை, பறை, தொழில் முதலியன கருப்பொருள். அங்கு வாழ்வோரின் அக ஒழுக்கம் உரிப்பொருள். நெய்தல் என்றால் கடல் மட்டும் அன்று. உப்பு விளைப்பவரும், மீன் உணக்கும் பெண்ணும், வலை காயும் மணலும், கடலுக்குள் போனவன் திரும்பும்வரை கரையில் இருப்பவளின் இரங்கலும் சேர்ந்துதான் நெய்தல். தொல்காப்பியம் மூன்றனுள் முதலினும் கருவும், கருவினும் உரியும் சிறந்தது என்று ஏறுவரிசை சொல்கிறது. நம் பயண எழுத்தோ முதற்பொருளோடு நின்றுவிடுகிறது. கடல், வானம், மாலை. அதற்கு மேல் ஏறுவதில்லை. நெய்தலுக்கு உணவே இல்லை என்றால் அது யாருடைய நெய்தல்?

தமிழில் தீவுக்குப் போய்வந்த முதல் பையனை, அதாவது கையில் ஒன்றுமில்லாமல் போய்ச் சேர்ந்த முதல் பயணியை, நம் மாணவர் தேர்வுக்காகப் படித்திருக்கிறார். மணிமேகலையின் பதினாறாவது காதை, ஆதிரை பிச்சையிட்ட காதை. கணிகையிடமும் சூதிலும் பொருளை இழந்த சாதுவன் வணிகரோடு கலம் ஏறுகிறான். புயலில் கலம் உடைகிறது. ஒடிந்த பாய்மரத்தைப் பற்றிக்கொண்டு நாகர் வாழும் மலைப்பக்கம் ஒதுங்கி, களைப்பில் ஒரு மரத்தடியில் உறங்கிப்போகிறான். ஆடையற்ற நாகர்கள் வந்து, தனியாக ஓர் உடம்பு கிடைத்தது, நல்ல உணவு என்று எழுப்புகிறார்கள். அவன் பிழைத்தது வாளால் அன்று, பொன்னால் அன்று. அவர்களுடைய மொழி அவனுக்குத் தெரிந்திருந்தது. பேசினான். பேசியதும் அவர்கள் விலகி நின்று, எங்கள் தலைவனைப் பார்க்க வா என்று அழைத்துப் போனார்கள்.

சாத்தனார் அந்தத் தலைவனை மரியாதையோடு காட்டவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. கள் காய்ச்சும் பானையும் ஊன் நாற்றமும் வெள்ளெலும்பும் சூழ, கரடி தன் துணையோடு இருப்பதுபோல் அவன் இருந்தான் என்கிறார். துறவியின் அருவருப்பு அது, நகரத்தானின் அருவருப்பும்கூட. மனிதரைத் தின்பவர் என்ற பழியும் சும்மா ஒட்டவைத்ததாகவே தோன்றுகிறது. அந்தமான் மக்களைப் பற்றி மார்க்கோ போலோ நாய்த் தலையர் என்றும் மனிதரைத் தின்பவர் என்றும் எழுதிவைத்தார். பின்னால் ஆராய்ந்தவர்கள் எவருக்கும் அதற்குச் சான்று கிடைக்கவில்லை. தூரத்தில் இருப்பவன் நம்மைத் தின்றுவிடுவான் என்ற அச்சம் எல்லா மொழியிலும் உண்டு போலும்.

ஆனால் அதே காதையில் சாத்தனார் இன்னொன்றும் செய்கிறார். தலைவன் வந்தவனுக்குப் பெண்ணும் கள்ளும் ஊனும் தரச் சொல்கிறான். அவன் மறுக்கிறான். ஏன் மறுக்கிறாய், இவை இல்லாமல் வாழ்வில் பயன் என்ன என்று கேட்கிறான். உடம்பை விட்டுப் போகும் உயிர் இன்னோரிடத்தில் எப்படிப் போய்ச் சேரும், அதைச் சொல் என்கிறான். கோபத்தோடு சிரித்துக் கேட்கிறான். தீவுக்காரனுக்குக் கேள்வி கேட்கும் உரிமை இருக்கிறது. கேள்வியும் கூர்மையான கேள்வி. இறுதியில் சாதுவன் முழு அறத்தையும் அவன் தலையில் ஏற்றவில்லை. கலம் உடைந்து கரை சேர்வோரைக் கொல்லாதே, மூத்து இறக்கும் விலங்கு நீங்கலாக மற்ற உயிரைக் கொல்லாதே என்று அவனுக்கு இயன்ற அளவில் நிறுத்திக்கொள்கிறான். தலைவன் சந்தனமும் அகிலும் துணியும் கொடுத்து அனுப்புகிறான். சந்திரதத்தன் என்னும் வணிகனின் கலத்தில் சாதுவன் ஊர் திரும்புகிறான்.

அந்த நாகர் நிலம் இன்றைய நிக்கோபார் என்று கொள்வோர் உண்டு. 1025-ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பைப் பாடும் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியில் ‘மாநக்கவாரம்’ என்ற பெயர் இருப்பதால் அந்தக் கருத்துக்கு வலு இருக்கிறது. எந்தத் தீவாக இருந்தால் என்ன, பேச்சு நடந்தது என்பதே நமக்கு வேண்டியது.

நாம் கடலைப் பார்த்து வளர்ந்தவர்கள் அல்லர். தருமபுரிக்காரர்களுக்குக் கடல் என்பது சுற்றுலாவாகப் போய்க் காலை நனைத்துத் திரும்பும் இடம். ஒகேனக்கல்லில் காவிரி பாறைகளைப் பிளந்து ஓடும்போது இடையில் நிற்கும் திட்டுகளையே தீவு என்று சிறுவயதில் நினைத்திருந்தோம். பழந்தமிழில் அதற்குத் தனியாக ‘ஆற்றிடைக்குறை’ என்ற சொல் இருப்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. ஆயினும் தீவுகளுக்கும் இந்த வறண்ட மாவட்டத்துக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தகடூர் என்பது இவ்வூரின் பழம்பெயர். அதியமான் நெடுமான் அஞ்சியின் முன்னோர் கரும்பை இங்குக் கொண்டுவந்தவர்கள் என்று ஔவையார் புறநானூற்றில் பாடுகிறார். விண்ணுலகிலிருந்து கொண்டுவந்ததாக உரைகாரர்கள் சொல்வார்கள். தாவரவியலாரோ நாம் பயிரிடும் தடித்த கரும்பின் தாயகம் நியூ கினி தீவு என்கிறார்கள். பாலக்கோட்டுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு வண்டிகள் வரிசையில் நிற்கும்போதெல்லாம் நமக்கு இது நினைவுக்கு வரும். எந்தக் கடல், எந்தக் கலம், யார் கை மாறி வந்த கரணை?

அந்தக் கரும்பேதான் பிற்காலத்தில் தமிழரைத் தீவுகளுக்கு இழுத்துப் போயிற்று. 1834-க்குப் பிறகு மொரீசியசுக்கும், பின்னர் ரீயூனியன், மார்ட்டினிக், குவாதலூப் தீவுகளுக்கும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிஜிக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் கையில் பை இருந்ததா என்றே தெரியவில்லை. பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாரதி அழுதது எல்லோருக்கும் தெரியும். அந்தமானோ தண்டனைத் தீவு. வ.உ.சி.க்கு 1908-இல் திருநெல்வேலி நீதிமன்றம் விதித்தது இரட்டை ஆயுள் நாடுகடத்தல். மேல்முறையீட்டில் குறைந்ததனால் கோவையோடும் கண்ணனூரோடும் நின்றது. அதே வழக்கில் சிறை சென்ற சுப்பிரமணிய சிவா உடலெல்லாம் நோயோடு 1925-இல் நம் பாப்பாரப்பட்டியில்தான் கண்மூடினார். தமிழனுக்கு வெப்பமண்டலத் தீவு என்பது மிக அண்மைக் காலம்வரை விடுமுறை என்ற பொருளைத் தந்ததே இல்லை. அது மறக்கப்பட்டதில் ஒருவிதத்தில் மகிழ்ச்சிதான். பேரன் ஓய்வெடுக்கப் போகிறான் என்றால் நல்லதுதானே. ஆனால் முற்றிலும் மறந்துவிட வேண்டுமா?

இதையெல்லாம் ஒரு கடிதமாக எழுதி மாணவருக்கு அனுப்பினோம். மூன்றாம் நாள் பதில் வந்தது. மிகப் பணிவான பதில். உள்ளே ஒரு முள். ‘ஐயா, தாங்கள் இதுவரை தீவு எதற்கும் சென்றதில்லை என்று நினைக்கிறேன்.’

உண்மை. ஏப்ரல் இறுதியில், தேர்வுத்தாள் திருத்தும் பணி முடிந்ததும், அந்த மாணவரின் பையையே இரவல் வாங்கிக்கொண்டு சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறினோம். விமானத்தில் போனால் இரண்டரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள். சாதுவனைப் போல் மரத்தைப் பற்றிக்கொண்டு போக முடியாவிட்டாலும் அடுக்குப் படுக்கையிலாவது போவோமே என்ற அசட்டு ஆசை. முதல் நாள் முழுவதும் குமட்டல். இரண்டாம் நாள்தான் சுற்றியிருந்தவர்களைப் பார்த்தோம். நம்மைப் போல் ஊர் பார்க்கப் போனவர்கள் சிலரே. மற்றவர்கள் வீடு திரும்பும் தீவுக்காரர்கள். சென்னை மருத்துவமனையில் வைத்தியம் முடித்துத் திரும்பும் ஒரு முதியவரும் அவர் மகளும், கல்லூரி விடுமுறைக்குப் போகும் பிள்ளைகள், அட்டைப்பெட்டிகளைக் கயிற்றால் கட்டிவைத்திருந்த வியாபாரிகள். நம் நாட்டை அவர்கள் ‘மெயின்லேண்ட்’ என்று சொன்னார்கள். ‘மெயின்லேண்டுல வெயில் தாங்கலப்பா’ என்று ஒருவர் சலித்துக்கொண்டபோது, நாம் இதுவரை கரை என்று நினைத்திருந்தது அவர்களுக்கு அக்கரை என்பது உறைத்தது.

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபாரில் வாழ்வோர் சுமார் 3 இலட்சத்து 80 ஆயிரம் பேர். தாய்மொழிக் கணக்கில் வங்காளம், இந்திக்கு அடுத்து மூன்றாவது இடம் தமிழுக்கு. எங்கெங்கோ இருந்து எப்படியெப்படியோ வந்தவர்கள். 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் இலங்கை மலையகத்தை விட்டு வந்த சில குடும்பங்களை அரசு கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியேற்றியது. தேயிலைத் தீவிலிருந்து இரப்பர்த் தீவுக்கு. 2004 திசம்பர் 26-இல் கடல் எழுந்தபோது மிக மோசமாக அடிபட்ட தீவுகளுள் கச்சாலும் ஒன்று. நம் மாணவரின் நாற்பது பக்கத்தில் ஆழிப்பேரலை ஒரு வரியில் வருகிறது, பவளப்பாறைகளுக்கு நேர்ந்த சேதமாக.

இப்படியெல்லாம் தகவல்களை மடியில் கட்டிக்கொண்டு போன நாம் முதல் மூன்று நாள் என்ன செய்தோம் என்று கேட்டால், அவர் செய்ததையேதான் செய்தோம். ஹேவ்லாக் என்று இருந்து 2018 முதல் சுவராஜ் தீவு ஆகிவிட்ட இடத்துக்குப் போனோம். 2004-இல் டைம் இதழ் ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று சொன்ன இராதாநகரில் மாலை நான்கு மணிக்கு உட்கார்ந்தோம். எழுந்தபோது இருட்டிவிட்டிருந்தது. நடுவில் என்ன நினைத்தோம் என்று கேட்டால் ஒன்றும் இல்லை. குறிப்பேட்டில் அன்று எழுதியது ஒரே சொல். அது என்ன சொல் என்று வாசகர் ஊகிக்கலாம். மாணவரின் பிரதியில் பதினொரு முறை வந்த சொல்தான். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். அந்த நீர்முன் மனிதனுக்குப் பேச்சு நின்றுவிடுகிறது. ஐந்து நாள் விடுப்பைக் கெஞ்சி வாங்கிப் போகிறவன் அதற்கு முன் ஊமையானால் அதைக் குற்றம் என்று சொல்வதற்கு நமக்கு உரிமையில்லை.

நான்காம் நாள் நகருக்குத் திரும்பினோம். அந்நகரின் பெயரும் மாறியிருக்கிறது. 1789-இல் குடியேற்றம் அமைத்த ஆர்ச்சிபால்ட் பிளேரின் பெயரால் போர்ட் பிளேர் என்றிருந்தது 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. சோழர் கடற்படையை நினைவுகூர்ந்து அறிவித்தார்கள். அச்சோழர் படை சென்று தாக்கியது ஸ்ரீவிஜயத்தைத்தான் என்று ஒரு வரலாற்றுப் பேராசிரியர் நம்மிடம் சொல்லிச் சிரித்தார். கடைத்தெருவில் எல்லோரும் இன்னும் பிளேர் என்றுதான் சொல்கிறார்கள்.

ஜங்கிலிகாட் பகுதியில் ஒரு சிறிய இட்லிக் கடை. நடத்துபவர் ஐம்பதைக் கடந்த அம்மையார். நம் பேச்சைக் கேட்டதும், ‘எந்த ஊருங்க சார்?’ என்றார். தருமபுரி என்றோம். கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். ‘தருமபுரிங்களா? எங்கப்பாருக்கு அரூர்ப் பக்கங்க. நான் பொறந்தது இங்கதான். அரூரை ஒரு தடவகூடப் பாத்ததில்லீங்க.’ தந்தை 1960-களில் காட்டு மரம் இழுக்கும் கூலியாகக் கப்பல் ஏறியவராம். இரண்டு வருடத்தில் திரும்பிவிடுவதாகச் சொல்லிவிட்டு வந்தவர், திரும்பவில்லை.

கடை வாசலில் நெகிழிக் குடங்கள் வரிசையாக இருந்தன. நீலம், பச்சை, சிவப்பு. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு துண்டுத் துணி, யாருடைய குடம் என்ற அடையாளத்துக்கு. அந்தக் காட்சியை எங்கு வைத்தாலும் நமக்கு அடையாளம் தெரியும், அதில்தான் வளர்ந்தோம். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் தீவு அது. அதில் மூன்றில் ஒரு பங்குகூட நம் மாவட்டத்துக்குச் சராசரியாகக் கிடைப்பதில்லை. ஆனால் சனவரி முதல் ஏப்ரல் வரை அங்கு வானம் மூடிக்கொள்கிறது. நகருக்குத் தண்ணீர் தருவது தனிக்காரி அணை. அது இறங்கினால் குழாயில் முறைவைத்துத்தான் தண்ணீர். சுற்றிலும் கடல், நடுவில் காலிக் குடம். ‘அங்கயும் தண்ணி லாரிதானுங்களா?’ என்று கேட்டார் அம்மையார். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்ததையும், அதற்கு முன் ஃபுளோரைடு நீர் குடித்து நம் ஊர்ப் பிள்ளைகளின் பல் பழுத்த கதையையும் சொன்னோம். ‘காவேரித் தண்ணி வீட்டுக்கே வருதுங்களா!’ என்றார். வாரத்தில் எல்லா நாளும் வருவதில்லை என்பதைச் சொல்லவில்லை. அவருடைய அரூரில் தண்ணீர் வந்துகொண்டிருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். இட்லிக்குக் காசு வாங்க மறுத்தார். வற்புறுத்திக் கொடுத்தபோது பாதியைத் திருப்பிக் கொடுத்தார்.

மாணவர் அதே தெருவில் மூன்று இரவு தங்கியிருக்கிறார். அவருடைய பிரதியில் ஜங்கிலிகாட் பற்றி உள்ளது ஒரு வாக்கியம்: தங்கும் செலவு இங்குக் குறைவு.

இனி, நாம் போகாத இடம். தெற்கு அந்தமானிலிருந்து வடக்கே செல்லும் நெடுஞ்சாலை ஜாரவா மக்களின் காட்டுக்குள் புகுந்து போகிறது. வண்டிகள் காவலர் துணையோடு வரிசையாகத்தான் செல்ல வேண்டும்; நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. அந்தச் சாலையை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002-இலேயே ஆணையிட்டது. ஜாரவாப் பெண்களை ஆடச் செய்து எடுத்த காணொளி 2012-இல் வெளிவந்து உலகமெல்லாம் தலைகுனிவை உண்டாக்கியது. சுண்ணாம்புக் குகையும் சேற்று எரிமலையும் பார்க்க பாராடாங் போகிறோம் என்பார்கள். பலர் போவது அவற்றுக்காக மட்டும் அன்று என்பது எல்லோருக்கும் தெரிந்த இரகசியம். நம் மாணவர் அவ்வழியே போயிருந்தார். அரைப் பக்கம் எழுதியிருந்தார். மூவரைப் பார்த்தாராம். அவர்களின் நிறம், உடை, கையிலிருந்த வில் எல்லாம் அதில் இருந்தன. ஊர் திரும்பியதும் அந்த அரைப் பக்கத்தை எடுத்துவிட்டால் முன்னுரை தருவதாகச் சொன்னோம்.

அவர் நேரில் வந்தார். இம்முறை பணிவு சற்றுக் குறைவாக இருந்தது. அது நமக்குப் பிடித்தது. ‘ஐயா, சாத்தனார் எழுதலாம், நான் எழுதக் கூடாதா?’ என்றார். ‘அவர் கரடி என்றே எழுதியிருக்கிறார். நான் அப்படி எதுவும் சொல்லவில்லை. பார்த்ததை எழுதினேன்.’

சட்டென்று விடை வரவில்லை. சாதுவனுக்கு மொழி தெரியும் என்றோம். ‘மொழி தெரிந்தால் மட்டும் போதுமா? சாதுவனும் அறம் போதிக்கத்தானே செய்தான்? 2018-இல் வடக்கு சென்டினல் தீவுக்குப் போன அமெரிக்க இளைஞரும் போதிக்கத்தான் போனார். அவருக்கு மொழி தெரிந்திருந்தால் சரியாகிவிடுமா?’ நல்ல கேள்வி. அந்த இளைஞர் உயிரோடு திரும்பவில்லை. அம்மக்களுக்குச் சாதாரணச் சளிக்காய்ச்சல்கூட உயிர்க்கொல்லியாகலாம் என்பதனால், அவர் திரும்பியிருந்தாலும் அவர்கள் இருந்திருப்பார்களா என்பது வேறு கேள்வி. சாதுவன் விருந்தாளியாகக்கூடப் போகவில்லை, கரை ஒதுங்கியவனாகப் போனான். அவன் உயிர் அவர்கள் கையில் இருந்தது. அவர்கள்தாம் அவனை முதலில் பார்த்தார்கள், அவர்கள்தாம் கேள்வி கேட்டார்கள் என்றோம். வண்டிக்குள் கண்ணாடி ஏற்றிக்கொண்டு போகிறவனை யாரும் கேள்வி கேட்க முடியாது. நீ பார்த்தாய், தம்பி. உன்னைப் பார்க்க அவர்களுக்கு நேரம் இருந்ததா? அவர் நெடுநேரம் பேசவில்லை. ‘முப்பது கிலோமீட்டர் வேகம் இருக்கும் ஐயா’ என்றார் பிறகு. இந்த வாதம் முழுமையானது என்று நமக்கே தோன்றவில்லை. எழுதாமல் விடுவதும் அவர்களை மறைப்பதாகாதா என்று அவர் கேட்டிருந்தால் திணறியிருப்போம்.

வேறொரு சங்கதி. நீல் தீவு பற்றி அவர் எழுதியிருந்த பகுதியில், நீலக் கடல் சூழ்ந்ததால் அத்தீவுக்கு அப்பெயர் வந்ததென்று அழகாக ஒரு பத்தி இருந்தது. அது நீலமன்று. 1857 எழுச்சியை அடக்கும்போது வழியெல்லாம் தூக்குமரம் நட்டவராகப் பெயர் பெற்ற ஜேம்ஸ் நீலின் பெயரால் அமைந்தது என்பர். அவருடைய சிலை சென்னை மவுண்ட் ரோட்டில் நின்றது. அதை அகற்றக் கோரி 1927-இல் சத்தியாக்கிரகம் நடந்தது, அகற்றப்பட்டது 1937-இல். 2018 முதல் அத்தீவு ஷஹீத் தீவு. இதைச் சொன்னதும் மாணவர் விழுந்து விழுந்து சிரித்தார். நாமும்தான்.

ஆகஸ்டில் திருத்திய பிரதி வந்தது. நாற்பது பக்கம் அறுபத்திரண்டாகியிருந்தது. படகுக்காரருக்குப் பெயர் கிடைத்திருந்தது. பழைய எண்ணைத் தேடிப்பிடித்துத் தொலைபேசியில் பேசியிருக்கிறார். வங்காளக் குடியேறிகளின் வழிவந்தவராம், மழைக்காலத்தில் காய்கறி பயிரிடுவாராம். சொர்க்கம் இன்னும் நான்கு இடத்தில் இருக்கிறது. அதற்கு மேல் நாம் கேட்கவில்லை.

ஜாரவாக் காட்டுப் பக்கம் இப்போது ஏழு வரி. சாலையோரத்தில் யாரும் இல்லை. வண்டிக்குள் இருந்த ஒன்பது பேர் மட்டும் இருக்கிறார்கள். கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்ட ஒரு குழந்தை, ‘தெரியுதா, தெரியுதா’ என்று கேட்டுக்கொண்டே வரும் தாய், பையிலிருந்த பிஸ்கட் பொட்டலத்தைத் தயாராக எடுத்து மடியில் வைத்திருக்கும் ஒரு பெரியவர், எதையும் திரும்பிப் பார்க்காமல் ஓட்டும் ஓட்டுநர். ஒன்பதாவது ஆளாகத் தம்மையும் எண்ணியிருக்கிறார். அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதையும் எழுதியிருக்கிறார்.

முன்னுரை எழுதிக் கொடுத்தோம். நீல் தீவுப் பத்தியை மட்டும் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பத்தி அப்படியே இருக்கிறது, நீலக் கடலோடு. கீழே சின்ன எழுத்தில் மவுண்ட் ரோட்டுச் சிலையின் கதை.